ஆசை யாருடையது? ராமநாதபுரம் கரையில் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

மண்டபம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினாறு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். பதினொன்றில் எந்தக் குரூப், பன்னிரண்டு முடித்து எந்தப் படிப்பு என்று கேட்பவர்கள் பள்ளி வராந்தாவிலும் பிடிப்பார்கள், பேருந்திலும் பிடிப்பார்கள். அம்மா அப்பா தனியாக வருவார்கள், பிள்ளை தனியாக வரும். ஒரே வீட்டு ஆட்கள் ஒரே வாரத்தில் ஒருவரைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்டுவிட்டுப் போவதும் உண்டு. இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டது மிகக் குறைவு. என்னிடம் சொன்னதை வீட்டில் சொல்லியிருந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும். அதனால்தான் இரண்டு பக்கத்துக் கேள்விகளையும் அவர்கள் கேட்டபடியே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

“பெத்த பிள்ளைக்கு என்ன ஆசைன்னு எங்களுக்குத் தெரியாதா டீச்சர்?”

பசி தெரியும், காய்ச்சல் தெரியும், பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே தெரியும். என்ன வேலைக்குப் போக ஆசை என்பது மட்டும் பல வீடுகளில் தெரிவதில்லை. பிள்ளை வேண்டுமென்று மறைப்பதில்லை. எதைச் சொன்னால் நம் முகம் மலர்கிறது, எதைச் சொன்னால் வாடுகிறது என்று அது சின்ன வயதிலிருந்தே பார்த்து வைத்திருக்கிறது. நமக்குப் பிடித்ததையே நம்மிடம் சொல்லிப் பழகிவிடுகிறது.

பாம்பன் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். இரண்டு பேரையும் தனித்தனி வகுப்பறையில் உட்கார வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டு, ஆளுக்கு ஒரு தாளில் பதில் எழுதச் சொன்னேன். அப்பாவுக்கு எழுத வராது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “அவனுக்குப் படகு மேலதான் உசுரு. சரி, வரட்டும்னு விட்டுட்டேன்.” அவருடைய விருப்பம் என்ன என்று கேட்டேன். வலைக்கயிறு அறுத்துக் காய்ப்பேறிய விரல்களைப் பார்த்துக்கொண்டே, “கரையில ஏதாச்சும் ஒரு வேலை பார்த்தான்னா போதும்” என்றார். பக்கத்து அறையில் மகன் எழுதியிருந்தது இது: “அப்பாவுக்குத் தோள்பட்டை வலி. நான் படகுக்கு வரணும்னு நினைக்கிறார். எனக்கு ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படிக்க ஆசை.” இரண்டு வருடமாக மகனுக்காக அப்பாவும் அப்பாவுக்காக மகனும் விட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எந்த ஆசைக்காக விட்டுக்கொடுத்தார்களோ, அந்தப் படகு ஆசை இருவரில் யாருக்குமே இருந்ததில்லை.

“எங்க அப்பா என்ன நினைக்கிறார்னு எனக்கு நல்லாத் தெரியும். அதைப் போய் அவர்கிட்டயே கேட்கணுமா?”

கேட்க வேண்டும். மேலே சொன்ன மகனும் தனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தான். நம் கரையில் அப்பாக்கள் பாதி வாக்கியத்தில் பேசுகிறவர்கள். “இந்தக் கடல் என்னோட போகட்டும்” என்பார்கள். அதைக் கேட்கிற பிள்ளை, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலைதான் அப்பாவுக்கு வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறது. அவர் சொன்னது பயத்தை. எந்த வேலை என்று அவர் இன்னும் சொல்லவே இல்லை.

“உன் இஷ்டம்” என்ற சொல்லும் இப்படித்தான். எனக்கு அதைப் பற்றித் தெரியாது, நீயே பார்த்துக்கொள் என்று ஒரு பொருள். சொல்லி அலுத்துவிட்டது, கோபமாக இருக்கிறேன் என்று இன்னொன்று. உன்னை நம்புகிறேன் என்று மூன்றாவது. எது என்று நீயாக முடிவு கட்டாதே. “இஷ்டம்னா, உங்களுக்குச் சம்மதமா அப்பா, இல்ல வருத்தமா?” என்று ஒரு தடவை கேட்டுவிடு.

“அந்தத் தாளை எப்படி எழுதுறது? வீட்டுலயே செய்யலாமா?”

தாராளமாகச் செய்யலாம். ஒரு தாளை நாலாக மடித்தால் நாலு கட்டம் கிடைக்கும். முதல் கட்டத்தில் என் விருப்பம். இரண்டாவதில், மற்றவரின் விருப்பம் இதுதான் என்று நான் நினைப்பது. மூன்றாவதில் என் பயம். நாலாவதில், மற்றவர் எதற்குப் பயப்படுகிறார் என்று நான் நினைப்பது. அம்மா, அப்பா, பிள்ளை மூன்று பேரும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு வெளியாள் ஒருவர் எழுதிக்கொடுக்கட்டும். அந்தப் பிள்ளையே எழுதக் கூடாது.

பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு படியுங்கள். படித்ததும் யாரும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “எப்ப இருந்து?” எப்போதிலிருந்து இந்த ஆசை, எப்போதிலிருந்து இந்தப் பயம். ‘ஏன்’ என்று கேட்டால் வாதம் வரும். ‘எப்ப இருந்து’ என்று கேட்டால் கதை வரும். பல வருடம் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

“இதெல்லாம் எப்பப் பேசுறது? ரிசல்ட் வரட்டும்னு இருக்கோம்.”

ரிசல்ட் வரை காத்திருக்காதீர்கள். இங்கே இது முக்கியமான விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும். ப்ளஸ் டூ ரிசல்ட் வழக்கமாக மே மாதம் வருகிறது. அதாவது வருடத்திலேயே கையில் காசு இல்லாத மாதத்தில்தான் கல்லூரி விண்ணப்பம், கட்டணம், விடுதி என்று எல்லாப் பேச்சும் வருகிறது. அரசு கொடுக்கும் நிவாரணம் 8,000 ரூபாய் வீட்டுச் செலவுக்கே போதாது. போதாததற்குப் படகுக்குப் பெயின்ட், இஞ்சின் வேலை, வலை பொத்துவது என்று செலவு அத்தனையும் அந்த இரண்டு மாதத்தில்தான் வந்து நிற்கும்.

அந்த நேரத்தில் “அதெல்லாம் நமக்குச் சரிப்படாது” என்று அப்பா சொன்னால், படிப்பைப் பிடிக்கவில்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அவர் சொன்னது “இன்றைக்குக் கையில் இல்லை” என்பது. அதனால் தை மாதமே பேசிவிடுங்கள். என்ன படிப்பு, எவ்வளவு செலவு, எந்தச் சலுகை என்று அப்போதே தாளில் இருந்தால் மே மாதத்தில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் போதும்.

“பையன் எந்நேரமும் கரையிலேயே கிடக்கான். படிப்பு ஏறாதுன்னுதானே அர்த்தம்?”

கரை என்பது இடம். அங்கே போய் அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தீர்களா? ஒரு சாயங்காலம் ஒரே படகைச் சுற்றி எங்கள் பள்ளிப் பையன்கள் நாலு பேரைப் பார்த்தேன். ஒருவன் இஞ்சின் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் ஏலத்தில் நின்று, எடையும் விலையும் சொல்லி முடிப்பதற்குள் மனக்கணக்கில் தொகையைச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாமவன் ஜிபிஎஸ் கருவியை நோண்டி, போன தடவை வலை விட்ட பாடு எந்த இடத்தில் என்று தேடினான். நாலாமவன் விலை போகாதென்று ஒதுக்கிப் போட்ட சங்காய மீன்களைக் கிளறி, பேர் தெரியாத ஒரு சின்ன மீனைக் கையில் வைத்து அதன் செதிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நாலு பேரையும் ஊர் ஒரே வார்த்தையில்தான் சொல்லும்: கரையில் கிடக்கிறான்கள். எனக்கு அங்கே ஒரு மெக்கானிக், ஒரு கணக்கர், ஒரு கருவி வல்லுநர், ஒரு விலங்கியல் மாணவன் என்று நாலு பேர் தெரிந்தார்கள்.

‘ஏறாது’ என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். 1982இல் அமெரிக்காவில் ஜாக்குலின் எக்கிள்ஸும் உடன் இருந்தவர்களும் கணக்குப் பாடத்தை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தன்னால் கணக்குப் போட முடியும், முடியாது என்று பிள்ளை தன்னைப் பற்றி நினைப்பது, அது முன்பு வாங்கிய மதிப்பெண்ணைவிட, அதன் திறமையைப் பற்றி அம்மா அப்பா நினைப்பதோடுதான் நெருக்கமாகப் பொருந்தியது. நான் ஆய்வைப் படிக்கும் முன்பே இதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். “எனக்குக் கணக்கு வராதாம் டீச்சர்” என்பார்கள். அந்த ‘ஆம்’ வீட்டிலிருந்து வந்தது.

“நான் கடலுக்குத்தான் போவேன்னு சொன்னா அம்மா அழுறாங்க. அவ்வளவு மட்டமான தொழிலா அது?”

இல்லை. எங்கள் பள்ளியில் பெரிய படிப்புப் படித்தவர்கள் பலருக்கும் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்ற நாலு காற்றும் எந்த மாதம் எப்படித் திரும்பும் என்று தெரியாது. உன் தாத்தாவுக்குத் தெரியும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பார்த்து வலை விடுவது படிப்புத்தான், புத்தகம் மட்டும்தான் இல்லை.

அம்மா அழுவது தொழிலை மட்டமாக நினைத்து அல்ல. 1964 புயலில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஆட்கள் இலங்கைச் சிறையில் என்ற செய்தி நம் ஊருக்குப் புதிதல்ல. படகு அங்கே நிற்க, இங்கே கடனுக்கு வட்டி ஓடும். மூன்றாவது கட்டத்தில் அவர் பயத்தை எழுதச் சொல். பயம் உயிர் பற்றியதா, கடன் பற்றியதா, பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. என் பக்கத்திலிருந்து ஒன்று: ப்ளஸ் டூவை முடித்துவிட்டுப் போ. கடல் காத்திருக்கும், சான்றிதழும் கெட்டுப்போகாது.

“கடலும் வேணும் படிப்பும் வேணும்னா வழி இருக்கா?”

நிறைய இருக்கிறது. ஆனால் கதவு பத்தாம் வகுப்பு முடித்ததுமே, குரூப் எடுக்கும்போதே திறக்கிறது அல்லது மூடுகிறது. தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.எஸ்சி, அதாவது மீன்வள அறிவியல் பட்டம், நாலு வருடப் படிப்பு. உயிரியல் படித்திருக்க வேண்டும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977இலிருந்து இருக்கிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு, நம் ஊரில் பாதிப் பேர் அதைக் கேட்பதே இல்லை. தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1947இல் தொடங்கிய அந்த நிலையத்துக்கு, கொச்சிக்குப் போகும் முன் தலைமையிடமே நம் மண்டபம்தான். அதன் வாசலைத் தினமும் பேருந்தில் கடக்கிற பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கும்.

வணிகக் கப்பலுக்கு அதிகாரியாகவோ இஞ்சினியராகவோ போக ஆசை என்றால் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு கப்பலில் சாதாரணப் பணியாளாகச் சேர ஜி.பி. ரேட்டிங் என்று ஆறு மாதப் பயிற்சி உண்டு. நிறக்குருடு இருந்தால் மருத்துவத் தேர்விலேயே நிறுத்திவிடுவார்கள், அதனால் காசு கட்டும் முன்பே கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். பயிற்சி நிலையம் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி பெற்றதா என்று அதன் இணையதளத்தில் பார்க்காமல் யாரிடமும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ‘கப்பல் வேலை’ என்று சொல்லி நகையை அடகு வைக்க வைத்தவர்களை இந்தக் கரை பார்த்திருக்கிறது.

“கலாம் ஐயா நம்ம ஊர்தானே. நீயும் அப்படி வரணும்னு சொல்றது தப்பா?”

தப்பில்லை. ஆனால் முழுக் கதையையும் சொல்லுங்கள். 1931இல் ராமேஸ்வரத்தில், படகு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். ராமநாதபுரத்துக்குப் படிக்கப் போனபோது வீட்டு ஏக்கம் வாட்டியது. அவரைக் கலெக்டராகப் பார்க்க அப்பாவுக்கு ஆசை என்று அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருக்கோ விமானம் ஓட்ட ஆசை. விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவதாக வந்தார். சென்னையில் பொறியியல் படிக்கப் பணம் இல்லாதபோது, அவருடைய அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் கொடுத்து உதவினார்.

அப்பாவின் ஆசையும் நடக்கவில்லை, மகனின் முதல் ஆசையும் நடக்கவில்லை. ஆனாலும் வீட்டில் யாரும் கையை விடவில்லை. பிள்ளையிடம் ராக்கெட்டைக் காட்டும்போது அந்த வளையலையும் காட்டுங்கள். அது இல்லாமல் ‘கலாம் மாதிரி வா’ என்று மட்டும் சொன்னால், அப்படி வராவிட்டால் வீட்டில் இடமில்லையோ என்று பிள்ளைக்குத் தோன்றுகிறது. ஒரு பையன் என்னிடம் அப்படியே சொன்னான்.

“பொண்ணு நல்லாப் படிக்கிறா. வெளியூர் அனுப்பப் பயமா இருக்கு. அவளே டீச்சர் வேலை போதும்னுதான் சொல்றா.”

அவளே சொல்கிறாள் என்பதை நான் கொஞ்சம் கவனமாகக் கேட்பேன். லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற ஆய்வாளர் 1981இல் ஒன்று சொன்னார்: பிள்ளைகள் வேலைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பல வேலைகளைக் கழித்துவிடுகிறார்கள். ஆறு முதல் எட்டு வயதுக்குள்ளேயே ‘இது ஆம்பிளை வேலை, இது பொம்பளை வேலை’ என்று கழிப்பது நடந்துவிடுகிறது. அப்படிக் கழித்தது போக மிச்சம் இருப்பதைத்தான் நாம் ‘அவள் ஆசை’ என்கிறோம்.

கடல்பாசி எடுக்கிற அம்மாவின் மகள் ஒருத்தி எங்களிடம் படித்தாள். அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசி பிய்ப்பவர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்ற தொல்லையும் சேர்ந்த தொழில் அது. பொண்ணு “டீச்சர் வேலை” என்றுதான் எழுதியிருந்தாள். ஒருநாள் பாசிப் படங்களைக் காட்டி சர்காசம் என்று நான் வாசித்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து “அது கட்டக்கோரை டீச்சர்” என்றாள். மரிக்கொழுந்து எந்தப் பாறையில் வரும், கஞ்சிப்பாசி எப்போது தடிக்கும் என்று அரை மணி நேரம் பேசினாள். அவளிடம் அத்தனை பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை. டீச்சர் வேலை என்று ஏன் எழுதினாய் என்றேன். “அஞ்சு மணி பஸ்ல வீட்டுக்கு வந்துரலாம்ல.” அவள் சொன்னது ஆசை இல்லை, பேருந்து நேரம். இன்று தாவரவியல் படிக்கிறாள்.

பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். பயத்துக்குக் காலும் கண்ணும் கொடுங்கள்: சேர்க்கும் முன்பே அம்மா நேரில் போய் விடுதியைப் பார்க்கட்டும், காப்பாளரிடம் பேசட்டும், ஊர்க்காரப் பொண்ணு யாராவது அங்கே படிக்கிறாளா என்று விசாரிக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்கு 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

“வாப்பா துபாய்ல இருக்காங்க. ப்ளஸ் டூ முடிச்சதும் விசா எடுக்கிறேங்கிறாங்க. எனக்கு இங்கேயே படிக்கணும். போன்ல எப்படிச் சொல்றது?”

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லா வருடமும் கேட்பது. வாப்பாவுக்குத் தெரிந்தது போன விடுமுறையில் பார்த்த நீ. அதற்கப்புறம் நீ மாறியது போனில் தெரியாது. “சாப்டியா, மார்க் எவ்வளவு, உம்மா எங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முதலில் நீ செய்கிறதைக் காட்டு. வரைந்தால் வரைந்ததை அனுப்பு, ஒரு சின்ன இயந்திரத்தைப் பிரித்து மாட்டினால் அந்த வீடியோவை அனுப்பு. ஒரு மாதம் இப்படிப் போகட்டும். அப்புறம் விஷயத்தைச் சொல்.

உம்மா வழியாகச் சொல்லி அனுப்பாதே. நடுவில் ஒருவர் வந்தால் உன் ஆசையோடு அவர் பயமும் கலந்துதான் போய்ச் சேரும். இன்னொன்றையும் வாப்பாவிடமே கேள்: நான் அங்கே வர வேண்டும் என்று ஆசையா, இல்லை, நீங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஆசையா? பல வீடுகளில் விசாப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது இரண்டாவதுதான். அப்படியென்றால் எத்தனை வருடம், மாதம் எவ்வளவு என்று இரண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போட முடியும்.

“ஆன்லைன்ல ஒரு டெஸ்ட் எழுதினேன். எனக்கு இந்த வேலைதான்னு வந்துச்சு. நம்பலாமா?”

பேச்சைத் தொடங்க உதவும், முடிவெடுக்க உதவாது. இந்த மாதிரித் தேர்வுகள் பலவும் ஜான் ஹாலண்ட் 1959இல் சொன்ன ஆறு வகையை வைத்துச் செய்தவை: கைவேலை, ஆராய்வது, கலை, மக்களோடு பழகுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்காகக் கணக்கு வைப்பது. கரையில் பார்த்த நாலு பையன்களை நினைத்துப் பாருங்கள், அதேதான். தேர்வு அளப்பது பிடித்தத்தை, திறமையை அல்ல. பார்த்தே இராத வேலையைப் பிடிக்குமா என்று கேட்டால் பிள்ளை என்ன பதில் சொல்லும்? படிப்பு சம்பந்தமாகச் சந்தேகம் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசலாம்.

“தாள்ல எழுதினோம். எனக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு. இப்ப யார் விட்டுக்கொடுக்கிறது?”

அவசரப்படாதீர்கள். முதலில் எழுதியிருப்பது வேலையா, நிபந்தனையா என்று பாருங்கள். ‘அரசு வேலை’ என்று அப்பா எழுதியிருந்தால் அது ஒரு வேலையின் பெயரே இல்லை. முதல் தேதி சம்பளம் வர வேண்டும், மழையிலும் தடைக்காலத்திலும் வர வேண்டும், வயதான காலத்தில் யாரிடமும் கை நீட்டக் கூடாது என்பது அவர் கேட்பது. வருமானம் ஒருநாள் வந்து ஒன்பது நாள் வராத தொழிலில் முப்பது வருடம் இருந்தவர் வேறு எதைக் கேட்பார்? அந்த மூன்றில் எதையெல்லாம் உன் விருப்பம் தரும், எதைத் தராது என்று எழுதிக் காட்டு. தராததை மறைக்காதே.

அப்படியும் பொருந்தவில்லை என்றால் என் கருத்து இது. நாற்பது வருடம் அந்த வேலையைப் பார்க்கப்போகிறவர் பிள்ளை, அதனால் எந்த வேலை என்பதில் அதன் சொல் மேலே நிற்க வேண்டும். கடன் வாங்கப்போகிறவர் பெற்றோர், அதனால் எவ்வளவு பணம் என்பதில் அவர்கள் சொல் மேலே நிற்க வேண்டும். தொகையை அவர்கள் சொல்லட்டும், அதற்குள் அடங்குகிற படிப்பைப் பிள்ளை தேடட்டும். முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொறியியல்கூட நினைத்த அளவு எட்டாத தூரத்தில் இல்லை. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

“மக ரெண்டு தடவை நீட் எழுதிட்டா. முதல்ல டாக்டர் ஆசை வந்தது அவளுக்கா எங்களுக்கான்னு இப்ப எங்களுக்கே தெரியல.”

இதை என்னிடம் சொன்ன அம்மாவின் நேர்மைக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். யாருடைய ஆசை என்று பின்னால் போய்த் தேட வேண்டாம். ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு இந்த ஆசை எல்லா வீட்டிலும் கூடியிருக்கிறது, யாரையும் குறை சொல்ல முடியாது. இன்றைக்கு அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். “நீ எதைச் சொன்னாலும் வீட்டில் யாருக்கும் முகம் மாறாது” என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். சொன்னபடி முகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை எழுதுகிறேன் என்றால் எழுதட்டும், கூடவே இந்த வருடமே ஒரு படிப்பிலும் சேரட்டும். செவிலியர், ஆய்வகம், பிசியோதெரபி எல்லாமே மருத்துவமனைக்குள் இருக்கிற வேலைதான். தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் இருக்கிறாள் என்றால் படிப்புப் பேச்சை அன்றைக்கே நிறுத்துங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம். அன்றைக்குப் படிப்பைவிட அவள்தான் முக்கியம் என்பதை அவள் காதால் கேட்க வேண்டும்.

“எப்பவும் எங்க ஆசையைத்தான் கேட்கிறாங்க. அம்மாவுக்கு என்ன ஆசை இருந்துச்சுன்னு நாங்க கேட்கலாமா டீச்சர்?”

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. அவனுக்கு அப்பா இல்லை. அம்மா கருவாடு போட்டு விற்கிறவர். கேட்டுவிட்டு வந்து சொல் என்றேன்.

அவன் கேட்டபோது அம்மா பதில் சொல்லவில்லையாம். உள்ளே போய்த் தகரப் பெட்டியின் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்து அவன் கையில் கொடுத்திருக்கிறார். கணக்கில் 91. வங்கியில் வேலை பார்க்க ஆசை இருந்ததாம். மகளிர் குழுக் கணக்கு நோட்டு ஏன் எப்போதும் தங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்திருக்கிறது. மறுநாள் அந்தச் சான்றிதழின் நகலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, அம்மா இப்போது ப்ளஸ் டூ எழுத முடியுமா என்று கேட்டான். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம், வயது தடையில்லை என்று சொல்லி, என்னென்ன சான்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே வராந்தாவில் நின்றார்கள், இரண்டு பேரும் சேர்ந்து.